பழைய துவக்குக்குப் புதிய ஆணி: எந்த உருக்கு பொருந்தும்?

பழைய துவக்கு ஒன்று திருத்த வரும்போது, கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் குழலோ மரக்கட்டையோ அல்ல. உள்ளே நெருப்புக்குச்சித் தடிப்பில் இருக்கும் ஓர் ஆணிதான் கெட்டிருக்கும். பட்டறையில் அதைப் ‘பின்’ என்பார்கள். குதிரை அதன்மேல் சுழல்கின்றது. விசை அதன்மேல் அசைகின்றது. குழல் அதன்மேல் மடிகின்றது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் உழைத்த பின்னர் அது தேய்ந்தோ வளைந்தோ முறிந்தோ போகின்றது.

அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த கம்பியை வெட்டிச் செருகிவிடுவது இலகு. ஆனால் அதனால் மூன்று தீங்குகள் வரலாம். துவக்கு வேலை செய்யாமல் போகலாம். இனி எங்கும் கிடைக்காத பழைய பாகம் ஒன்று அழிந்துபோகலாம். எல்லாவற்றிலும் மோசமாக, விசையை எவரும் தொடாமலே துவக்கு வெடிக்கலாம்.

நான் படித்த தொழில் கடைசல். இங்கிலாந்தில், பழைய துவக்குகளைத் திருத்த அனுமதி பெற்ற பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் கடைசல்காரனாக இருந்தேன். அங்கே நான் செய்த வேலையில் பெரும்பகுதி இப்படியான சிறு ஆணிகள்தான். “எந்த இரும்பில் செய்யலாம்?” என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் “ஆகக் கடினமானது எது?” என்ற எண்ணத்துடனேயே கேட்பார்கள். கேள்வி அங்கேயே பிழைத்துவிடுகின்றது. ஆணி என்பது மாற்றக்கூடிய பாகம். அது தாங்கும் துவக்கின் உடல் மாற்ற முடியாத பாகம். இரண்டில் ஒன்று தேய வேண்டுமென்றால் ஆணிதான் தேய வேண்டும். உருக்கைத் தெரிவு செய்யும்போது முதலில் மனதில் இருத்த வேண்டியது இதுதான்.

தொடங்குமுன் ஒரு விடயம். இந்தக் கட்டுரை, சட்டப்படி வைத்திருக்கும் பழைய துவக்குகளையும் அருங்காட்சியகப் பொருட்களையும் பற்றியது. இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பயிர்களைக் காக்க அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் வேட்டைத் துவக்காக இருந்தாலும் சரி, வீட்டில் பரம்பரையாகக் கிடந்த இடியன் துவக்காக இருந்தாலும் சரி, அதைத் திறந்து வேலை செய்வது அனுமதி பெற்ற தொழிலாளியின் பொறுப்பு. ஆனால் உடையவருக்கும் விடயம் தெரிந்திருந்தால், பட்டறையில் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

எல்லா ஆணியும் ஒரே வேலை செய்வதில்லை

ஒரு துவக்கில் இருக்கும் ஆணிகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பிடித்து வைக்கும் ஆணி. ‘பிரவுண் பெஸ்’ எனப்படும் 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் காலாட்படைத் துவக்கில் குழலை மரக்கட்டையோடு இணைப்பவை, குழலின் அடியில் இருக்கும் சிறு காதுகளின் ஊடாகக் குறுக்கே செல்லும் மெல்லிய ஆணிகள். 1815இல் கண்டிக்குள் நுழைந்த பிரித்தானியப் படையினரின் கையில் இருந்தவையும் இந்தக் குடும்பத்துத் துவக்குகளே. அந்த ஆணிகளுக்குப் பெரிய பாரம் எதுவும் இல்லை. மரத்தைப் பிளக்காமல் உள்ளே போய், துப்புரவு செய்யும் நேரத்தில் மரத்தைப் பிளக்காமல் வெளியே வந்தால் போதும். அதற்கு மென்மையான இரும்பே நல்லது. அங்கே கடினமான உருக்கைச் செருகினால், ஈரத்தில் மரம் ஊதி அசையும்போது ஆணி வளைந்து கொடுக்காது, மரம்தான் வெடிக்கும்.

இரண்டாவது, சுழலும் அச்சாணி. குதிரையும், விசையும், குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் இத்தகைய அச்சாணிகளில் அசைகின்றன. இவற்றுக்கு முக்கியம், தேயாத வழுவழுப்பான மேற்பரப்பும் வளையாத உடலும். கொக்கியின் ஆணி சற்று வளைந்தாலே, கொக்கி குதிரையின் வெட்டில் முழுமையாக அமராமல் ஓரத்தில் தொங்கி நிற்கும். ஒரு தட்டலில் குதிரை விழுந்துவிடும். 

மூன்றாவது, பாரம் தாங்கும் மடிப்பாணி. நடுவில் மடியும் இரட்டைக்குழல் துவக்கில் குழல்களின் கீழுள்ள கொக்கி இந்த ஆணியைப் பற்றிக்கொண்டுதான் திரும்புகின்றது. ஒவ்வொரு வெடிக்கும் ஓர் உதை. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஓர் உரசல். இது தேய்ந்தால் குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் இடையில் வெளிச்சம் தெரியத் தொடங்கும்.

நான்காவது, அடியூசி. குதிரையின் அடியை வாங்கித் தோட்டாவின் பின்புறமுள்ள ‘கேப்’பைக் குத்தும் ஊசி இதுதான். இதற்குத் தேவை அடியைத் தாங்கும் திறன். நுனி நசுங்கவும் கூடாது, உடையவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே கேட்பதால் நால்வகையிலும் தெரிவு செய்யக் கடினமானது இதுவே.

ஆங்கிலப் புத்தகங்களையும் விற்பனைப் பட்டியல்களையும் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரித்தானியத் துவக்குத் தொழிலில் திருகாணியையும் ‘பின்’ என்றே அழைப்பார்கள். ஆகவே அங்கே ‘பின்’ என்று இருப்பதெல்லாம் நாம் இங்கு பேசும் ஆணி அல்ல. படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே எதையும் வாங்க வேண்டும்.

பழைய உடல் எதனால் ஆனது?

புதிய ஆணிக்கு உருக்குத் தேடுமுன், அது போய் அமரும் துளையின் உலோகத்தை அறிய வேண்டும். உருக்கை மலிவாகப் பெருமளவில் உருக்கும் பெசமர் முறை 1856இல்தான் காப்புரிமை பெற்றது. அதற்கு முற்பட்ட துவக்குகளின் பூட்டுத் தகடுகளும் பல சிறு பாகங்களும் அடித்துத் திரட்டிய மெல்லிரும்பால் ஆனவை. அதற்குப் பின்னரும் நெடுங்காலம் பல வேட்டைத் துவக்குகளின் உடல் காபன் குறைந்த மென்மையான உலோகத்திலேயே செய்யப்பட்டது.

இந்த மெல்லிரும்பில் காபன் மிகக் குறைவு. எவ்வளவு சூடாக்கி நீரில் தோய்த்தாலும் அது இறுகாது. ஆகவே அக்காலத் தொழிலாளர்கள், செய்த பாகத்தை எலும்புக் கரியோடும் தோற் கரியோடும் பெட்டியில் அடைத்து, மணிக்கணக்காகச் செஞ்சூட்டில் வைத்து, பின்னர் நீரில் கொட்டினார்கள். கரியிலுள்ள காபன் மேற்தோலில் ஊறிவிடும். தோல் கண்ணாடிபோல் இறுகும். உள்ளே இரும்பு மென்மையாகவே இருக்கும். பழைய துவக்குகளில் நீலமும் கபிலமும் சாம்பலும் மேகம்போல் கலந்து தெரிகின்ற நிறம் இந்த முறையில் வந்ததுதான்.

இந்தக் கடினத் தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. துளையின் உட்சுவரிலும் அதே மெல்லிய தோல்தான். துளையைப் பெரிதாக்கத் துளைகருவியைச் செலுத்தினால் அந்தத் தோல் போய்விடும். அதன் பின் புதிய ஆணி மென்மையான இரும்பில் சுழலும். சில ஆண்டுகளில் துளை முட்டை வடிவமாகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் துளையில் கை வைக்கத் தயங்குவார்கள். தேய்ந்த துளைக்கு ஏற்றாற்போல் ஆணியைச் சற்றுத் தடிப்பாகக் கடைந்து பொருத்துவதே முதல் வழி.

உலோகத்தை அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, நல்ல அரத்தின் ஓரத்தால் மறைவான இடத்தில் மெல்லத் தொட்டுப் பார்ப்பது. அரம் கடித்தால் மென்மை, வழுக்கினால் கடினம். மற்றது, கழற்றி எடுத்த உடைந்த ஆணியைச் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்ப்பது. மெல்லிரும்பின் பொறி நீளமான கோடாகப் போகும். வெடித்துக் கிளைப்பது குறைவு. காபன் கூடிய உருக்கின் பொறி மத்தாப்பூப்போல் சிதறி வெடிக்கும். உடைந்த பழைய ஆணியை ஒருபோதும் எறிய வேண்டாம். முதற் தொழிலாளி என்ன நினைத்தான் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தெரிவு செய்யக்கூடிய உருக்குகள்

*மென் உருக்கு.* காபன் 0.2 சதவீதத்துக்கும் கீழே. இலகுவாகக் கடையலாம், அராவலாம். குழலை மரத்தோடு பிடிக்கும் ஆணிகளுக்கு இது போதும். கரியில் இட்டு மேற்தோலை இறுக்கினால் மெதுவாகச் சுழலும் சில அச்சாணிகளுக்கும் பொருந்தும். பழைய தொழிலாளர்கள் செய்ததும் அதுதான். வேகமாகக் கடைவதற்கென்றே கந்தகமோ ஈயமோ சேர்த்து விற்கப்படும் வகை ஒன்று உண்டு. கடைசலுக்கு அது இனிமையானது. ஆனால் அடி வாங்கும் இடத்துக்கு ஆகாது.

*சில்வர் ஸ்டீல்.* பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே வெள்ளி இல்லை. சாணை பிடித்துத் துலக்கிய அதன் பளபளப்பே பெயருக்குக் காரணம். காபன் ஏறத்தாழ 1 சதவீதம், சிறிதளவு மங்கனீசும் குரோமியமும். பிரித்தானியாவில் இது 13 அங்குல நீளக் கோல்களாக, விட்டம் மிகத் துல்லியமாகச் சாணை பிடிக்கப்பட்டுக் கிடைக்கின்றது. அங்குல அளவிலும் மில்லிமீற்றர் அளவிலும் வாங்கலாம். வாங்கும்போது மென்மையாக இருக்கும். கடைந்த பிறகு தோய்ச்சல் கொடுத்து வேண்டிய அளவு இறுக்கலாம். குதிரை, விசை, கொக்கி ஆகியவற்றின் அச்சாணிகளுக்கு நான் அதிகம் பயன்படுத்தியது இதைத்தான். அமெரிக்கர்கள் ‘ட்றில் றொட்’ என்று சொல்வது இதன் உறவு. அதில் நீரில் தோய்ப்பது ‘டபிள்யூ-1’. எண்ணெயில் தோய்ப்பது ‘ஓ-1’. மெல்லிய நீண்ட ஆணிக்கு எண்ணெய் வகை நல்லது. நீரைப்போல் திடீரென்று குளிரவைக்காததால் கோணுவதும் வெடிப்பதும் குறைவு.

*ஈ.என். 24.* நிக்கல், குரோமியம், மொலிப்டினம் சேர்ந்த கலப்புருக்கு. காபன் ஏறத்தாழ 0.4 சதவீதம். அமெரிக்கர்களின் 4340 இதன் இணை. ‘ஈ.என். 24 ரீ’ என்று கேட்டு வாங்கினால், ஏற்கனவே தோய்த்துப் பதம் இறக்கிய நிலையில் கிடைக்கும். அந்த நிலையிலேயே கடையலாம். பிறகு அடுப்பில் வைக்கத் தேவையில்லை. கடினத்தில் சில்வர் ஸ்டீலுக்குக் கீழே, அடி தாங்குவதில் அதற்கு மேலே. அடியூசிக்கும் மடிப்பாணிக்கும் இது நல்ல தெரிவு. சூடாக்கும் வசதி சரியாக இல்லாத பட்டறைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

*மேற்தோல் இறுக்கும் நிக்கல் உருக்கு.* ஈ.என். 36 போன்றவை இந்த வகை. உள்ளே இறுக்கமில்லாத உறுதியான நடு. வெளியே காபன் ஊட்டிக் கடினமாக்கிய தோல். பழைய கரிப்பெட்டி முறையின் இன்றைய வாரிசு என்று சொல்லலாம். அதிக பாவனையிலுள்ள இரட்டைக்குழல் துவக்கின் மடிப்பாணிக்கு மிகவும் உகந்தது. ஆனால் சூட்டு வேலையை அதற்கென்று உலை வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

*பியானோக் கம்பி.* 0.8 சதவீதத்துக்கு மேல் காபன் உள்ள, குளிர நிலையில் இழுத்த கம்பி. மிக மெல்லிய குறுக்காணிகளுக்கு வெட்டியபடியே பயன்படுத்தலாம். சூடு காட்டினால் அதன் வலிமை போய்விடும்.

கையில் கிடைப்பவை ஏன் வேண்டாம்?

பட்டறைக்கு வந்த துவக்குகளில் முன்பு யாரோ செருகிய ஆணிகளைக் கழற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். அவற்றை ஒரு தகரப் பேணியில் சேர்த்து வைத்திருந்தேன். மூன்று வகை திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது கம்பி ஆணி, அதாவது பலகையில் அடிக்கும் ஆணி. ஒருமுறை வந்த ஒற்றைக்குழல் துவக்கில் கொக்கியின் ஆணிக்குப் பதிலாக இது இருந்தது. வெறுந் துவக்கைக் குதிரை ஏற்றி, குண்டாந்தடியை வைத்த ரப்பர் விரிப்பில் மெல்லத் தட்டினேன். மூன்றாம் தட்டலில் குதிரை தானாக விழுந்தது. கழற்றியபோது ஆணி வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. அந்தத் துவக்கைக் கொண்டுவந்தவர், “விசை கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, மற்றப்படி குறையில்லை” என்றுதான் சொல்லியிருந்தார்.

இரண்டாவது, துளைகருவியின் தண்டு. ‘ட்றில் பிட்’ கடினமானது, நேரானது, வேண்டிய விட்டத்தில் கிடைப்பது. ஆகவே அடியூசிக்கு வெட்டிச் செருகத் தோன்றும். ஆனால் ஹை ஸ்பீட் ஸ்டீல், வெட்டுவதற்குப் பிறந்த உருக்கு. அடி வாங்குவதற்கு அல்ல. சில கருவிகளில் வெட்டும் பகுதி ஒரு உருக்காகவும் தண்டு வேறு உருக்காகவும் ஒட்டப்பட்டிருக்கும். எதில் வெட்டினோம் என்பதே தெரியாது. இப்படிச் செய்த ஊசியின் நுனி உடைந்து துளைக்குள் சிக்கிக்கொண்டால் நிலைமை பயங்கரம். நுனி வெளியே நீட்டியபடி நின்றால், துவக்கை மூடும்போதே அது ‘கேப்’பில் இடிக்கும்.

மூன்றாவது, பெயாரிங்கிலிருந்து எடுத்த ஊசியுருளை. இது முழுக்க இறுகியது. அரம் அதன்மேல் வழுக்கும். நூறாண்டு பழைய மென்மையான துளைக்குள் இதை வைத்தால் ஆணிக்கு ஒன்றும் ஆகாது. துளைதான் தேயும். பத்து ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றி, விலைமதிப்பற்ற உடலைத் தின்னக் கொடுத்ததாக முடியும்.

துருப்பிடிக்காத உருக்கையும் பலர் கேட்பார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 வகையைச் சூடாக்கி இறுக்க முடியாது. அத்துடன் உரசும் இடங்களில் அது பிசுபிசுத்துப் பற்றிக்கொள்ளும் குணமுடையது. பழைய துவக்கின் துருவைத் தடுப்பது எண்ணெயின் வேலை, ஆணியின் வேலையல்ல.

ஒரு சிறு கணக்கு

ஆணி குறுக்கே வெட்டுப்படும் விசையைப் பரும்படியாகக் கணிக்கலாம். உருக்கின் இழுவை வலிமையில் 0.6 பங்கைக் குறுக்குவெட்டு வலிமையாகக் கொள்வது வழக்கம். 3 மில்லிமீற்றர் ஆணியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 7.07 சதுர மில்லிமீற்றர். மென் உருக்கின் இழுவை வலிமையை 400 மெகா பஸ்கால் என்று வைத்தால், ஒரு தளத்தில் வெட்டுப்பட ஏறத்தாழ 1,700 நியூற்றன் வேண்டும். ஈ.என். 24 ரீயின் வலிமையை 900 என்று எடுத்தால் அது 3,800க்குச் சற்று மேலே போகும். ஆணி இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் பாரம் ஏறினால், வெட்டுப்படும் தளங்கள் இரண்டு, எண்களும் இரட்டிக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். ஒன்று, உருக்கை மாற்றினாலே அதே துளையில் இருமடங்கு வலிமை கிடைக்கின்றது. துளையைப் பெரிதாக்கத் தேவையில்லை. மற்றது, அளவைக் குறைப்பதன் விலை. 3 மில்லிமீற்றர் ஆணி தேய்ந்து 2.8 ஆனால், விட்டத்தில் போனது 7 சதவீதம்தான். வலிமையில் போவது 13 சதவீதம். ஆனால் இது நிதானமாக ஏறும் பாரத்துக்கான கணக்கு. திடீர் அடிக்கு இதை நம்பக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நன்றாக வடிவமைத்த துவக்கில் வெடியின் உதை ஆணிக்கு வருவதே குறைவு. 1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துவக்கில், பின்புறம் அடைக்கும் கட்டை ஒரு குறுக்காணியில் ஆடுகின்றது. ஆனால் கட்டையின் உருண்ட பின்தலை உடலின் பின்சுவரில் அமர்ந்துகொள்வதால், உதையைத் தாங்குவது அந்தச் சுவர்தான். இத்தகைய துவக்கில் ஆணி வளைந்திருந்தால், ‘இன்னும் வலிமையான ஆணி போடுவோம்’ என்று நினைக்கக் கூடாது. சுவரில் அமர வேண்டியது ஏன் அமரவில்லை என்று பார்க்க வேண்டும். வளைந்த ஆணி நோயல்ல. நோயைக் காட்டும் குறி.

தோய்ச்சலும் பதமும்

சில்வர் ஸ்டீலைக் கடைந்து முடித்தபின் ஏறத்தாழ 770 முதல் 790 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நீரில் நேர்செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்வாக இறக்கினால் ஆணி கோணும். 770 பாகைக்கு அண்மையில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். வெப்பமானி இல்லாத பட்டறையில் காந்தமே துணை. இப்படித் தோய்த்த ஆணி கண்ணாடிபோல் இறுகியிருக்கும், கண்ணாடிபோலவே உடையும். இந்த நிலையில் அதை எந்தத் துவக்கிலும் பொருத்தக் கூடாது.

அடுத்தது பதம் இறக்குதல். இறுகிய ஆணியைத் துலக்கி மீண்டும் மெல்லச் சூடாக்கினால் மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். 230 பாகையளவில் வைக்கோல் மஞ்சள். 255 அளவில் கபிலம். 280 அளவில் ஊதா. 300 அளவில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கடினம் கூட, உறுதி குறைவு. நீலத்துக்குப் போகப் போகக் கடினம் குறைந்து உறுதி கூடும். சுழலும் அச்சாணிகளை நான் ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையில் நிறுத்துவேன். சில்வர் ஸ்டீலில் அடியூசி செய்ய நேர்ந்தால் முழு நீலத்துக்குக் குறையாமல் இறக்குவேன். அடுப்பு மேசையில் நிறத்தை மட்டும் நம்புவதைவிட, வெப்பநிலை காட்டும் சிறு மின்னுலையில் ஒரு மணித்தியாலம் வைப்பது நம்பகமானது.

இந்த நிறக் கணக்கு வெறும் காபன் உருக்குக்கு உரியது. ஈ.என். 24ஐ இதே வழியில் நடத்தக் கூடாது. ஏறத்தாழ 250 முதல் 400 பாகைக்குள் பதம் இறக்கினால் அந்தக் கலப்புருக்கு உறுதியாவதற்குப் பதிலாக நொறுங்கும் தன்மையைப் பெறும். அதைப் பதம் இறக்கிய நிலையிலேயே வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துருவை அகற்ற அமிலத்தில் ஊறவைக்கும் வழக்கமும் ஆபத்தானது. இறுகிய உருக்கு அமிலத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏறி நாட்கள் கழித்து முறியும். இறுகிய சிறு ஆணியை எண்ணெயாலும் நுண்ணிய தேய்தாளாலும் துலக்குவதே போதும்.

வடிவமும் அளவும்

உருக்குச் சரியாக இருந்தும் ஆணி முறிந்தால், குற்றம் பெரும்பாலும் வடிவத்தில் இருக்கும். அடியூசியின் தடித்த உடல் மெல்லிய நுனியாக மாறும் படியில், மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அந்த மூலையைச் சிறு வளைவாகக் கடைந்து, கடைசல் கோடுகள் தெரியாமல் துலக்க வேண்டும். நுனி அரைக்கோளமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். கூரான நுனி ‘கேப்’பைத் துளைத்துவிடும், சுடுவாயு பின்னால் பீறிட்டுச் சுடுபவரின் முகத்துக்கு வரும். நுனி எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு துவக்குக்கும் தனியான அளவு. அதை அந்த வகைத் துவக்கை அறிந்தவர் அளந்து முடிவு செய்ய வேண்டும், கண்மதிப்புக்கு இடமில்லை.

பழைய பிரித்தானியத் துவக்குகள் அங்குலக் கணக்கில் பிறந்தவை. எட்டில் ஒரு அங்குலம் என்பது 3.175 மில்லிமீற்றர். அந்தத் துளையில் 3 மில்லிமீற்றர்க் கோலைச் செருகினால் 0.175 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். விசைப் பூட்டுக்குள் அது மிகப் பெரிய ஆட்டம். கையால் துளைத்த காலத்துத் துளைகள் எந்த அளவுப் பட்டியலிலும் அடங்காமலும் இருக்கும். சில ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். அவற்றின் ஆணியை ஒரு பக்கத்தால் மட்டுமே தட்டி எடுக்கலாம். ஆகவே துளையின் இரு முனைகளையும் தனித்தனியே அளந்து, பழைய ஆணியின் தேயாத பகுதியோடு ஒப்பிட்டு, பிறகுதான் கோல் வாங்க வேண்டும்.

1875இல் பேர்மிங்ஹாமில் காப்புரிமை பெற்ற அன்சன்-டீலி முறையைப் பின்பற்றிய இரட்டைக்குழல் துவக்குகளில், ஆணி முனைகள் உடலின் இரு பக்கமும் வெளியே தெரியும். அவற்றை உடலோடு சமமாக அராவி முடிப்பது முகத்துக்கு அழகு. ஆனால் அராவும்போது பக்கத்திலுள்ள பழைய நிறத்தையும் செதுக்கு வேலையையும் அரம் தொட்டுவிட்டால் திரும்ப வராது. ஆணியை வெளியே வைத்தே நீளத்தைச் சரிசெய்து, முனையைத் துலக்கி, பிறகு பொருத்துவதே முறை.

பொருத்திய பிறகு

புதிய ஆணி பொருத்திய துவக்கில் உடனே தோட்டா இட்டுப் பார்க்கக் கூடாது. வெறுந் துவக்கில், ஊசிக்குத் தாங்கல் கொடுக்கும் போலித் தோட்டா வைத்து, குதிரையைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். குதிரை ஏறிய நிலையில் ரப்பர் சுத்தியலால் உடலின் பல பக்கமும் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கழற்றி, ஆணியில் தேய்ந்த தடம் சீராக ஓடுகின்றதா, ஒரு பக்கம் மட்டும் பளபளக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் துளைகள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள்.

மடிப்பாணியை மாற்றினால் விடயம் இன்னும் பாரதூரமானது. பிரித்தானியாவில் இலண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் துவக்குகளை அதிக அழுத்தத்தில் வெடித்துச் சோதித்து முத்திரை இடும் சோதனைச் சாலைகள் உள்ளன. பேர்மிங்ஹாம் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அழுத்தம் தாங்கும் பகுதியில் வேலை செய்த துவக்கை அங்கே மறுபடி சோதிக்கக் கொடுப்பது வழக்கம். அப்படியான வசதி இல்லாத நாட்டில், பழைய துவக்கின் மடிப்பாணியை மாற்றிச் சுடுவதைவிட, அதைச் சுடாமல் காட்சிக்கு வைப்பதே அறிவு.

அருங்காட்சியகப் பொருளாக இருந்தால் வழி வேறு. இனிச் சுடப்போவதில்லை என்றால் வலிமையைப் பற்றிய கவலையே இல்லை. அங்கே மென் உருக்கே சிறந்தது. பழைய உலோகத்தைக் காயப்படுத்தாது; நாளைக்கு இன்னொருவர் இலகுவாகக் கழற்றலாம். ஆணியின் மறைவான முனையில் செய்த ஆண்டைச் சிறிதாகப் பொறித்துவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதை அசலென்று எண்ணி ஏமாறமாட்டார்.

சுருக்கமாக

• குழலையும் மரத்தையும் பிடிக்கும் ஆணி: மென் உருக்கு. இறுக்க வேண்டாம்.

• குதிரை, விசை, கொக்கி ஆகியவற்றின் அச்சாணி: சில்வர் ஸ்டீல் அல்லது ஓ-1. தோய்த்து, ஊதாவிலிருந்து நீலம் வரை பதம் இறக்கியது.

• மடிப்பாணி: ஈ.என். 24 ரீ, அல்லது மேற்தோல் இறுக்கிய நிக்கல் உருக்கு. பொருத்திய பின் மறுசோதனை.

• அடியூசி: ஈ.என். 24 ரீ, அல்லது முழு நீலத்துக்கு இறக்கிய சில்வர் ஸ்டீல். வளைந்த மூலை, உருண்ட நுனி.

• காட்சிப் பொருள்: மென் உருக்கு, பொறித்த ஆண்டு.

• கம்பி ஆணி, துளைகருவித் தண்டு, பெயாரிங் ஊசி, 304 துருப்பிடிக்கா உருக்கு: எந்த இடத்துக்கும் வேண்டாம்.

பட்டறைக்குத் துவக்கைக் கொண்டுபோகும் உடையவர் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்த ஆணி என்ன உருக்கு? எந்தப் பதத்தில் நிறுத்தினீர்கள்? பழைய ஆணி எங்கே? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லி, உடைந்த பழைய ஆணியைக் கடதாசியில் சுற்றிக் கையில் தருபவரிடம் துவக்கை நம்பிக் கொடுக்கலாம். “அதெல்லாம் நல்ல இரும்புதான்” என்று மட்டும் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.